ஒரு மூட்டை யூரியாவும் 165 கூடைகளும்

ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. கடையில் 266 ரூபாய் 50 காசு. அதன் உண்மையான விலை இதைவிடப் பல மடங்கு. மீதியை ஒன்றிய அரசு மானியமாக உரக் கம்பெனிகளுக்குக் கொடுத்துவிடுகிறது. அந்த மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது கிட்டத்தட்ட 21 கிலோ. ரசாயனம் வேண்டாம், தொழுவுரம் போடுவோம் என்று முடிவெடுத்தால் அதே 21 கிலோவுக்கு எவ்வளவு தொழுவுரம் வேண்டும்? நன்றாக மக்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீதம் இருக்கும். ஆக, நான்கு டன்னுக்குக் கொஞ்சம் மேலே.

சமவெளியில் இது பெரிய விஷயமில்லை. டிராக்டர் வயலுக்குள்ளேயே வந்து கொட்டிவிட்டுப் போகும். எங்கள் நீலகிரியில் லாரி ரோட்டோரத்தில் கொட்டும். அங்கிருந்து தோட்டத்துக்கு ஒற்றையடிப் பாதை; பல இடங்களில் பாதையே இல்லை, சரிவில் வெட்டிய படிகள்தான். மழை பெய்தால் அதுவும் வழுக்கும். கூடைக்கு 25 கிலோ என்றால் 165 நடை. ஒரு நடைக்கு ஏறி இறங்கக் கால் மணி நேரம் என்று குறைத்தே போட்டாலும் 41 மணி நேரம். ஓர் ஆளுக்கு ஐந்து நாள் வேலை. இதில் சாணி வாங்கிய காசு, லாரி வாடகை எதுவும் சேரவில்லை.

இயற்கை விவசாயத்தில் செலவு குறைகிறது என்று மேடையில் சொல்கிறவர்கள் உரக்கடை பில்லை மட்டும் பார்க்கிறார்கள். செலவு குறையவில்லை. கடைக்காரரின் கல்லாவிலிருந்து ஒரு பெண்ணின் கழுத்துக்கு இடம் மாறியிருக்கிறது. அந்தப் பெண் யார், அவளுக்குக் கூலி உண்டா, அவள் சுமந்து கொட்டும் நிலம் யாருடையது என்று கேட்டால் கூட்டத்தில் சத்தம் அடங்கிவிடும். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ரசாயன உரத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. பூச்சிமருந்து நஞ்சு என்பதை எனக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. என் அப்பா கோத்தகிரிப் பக்கம் உருளைக்கிழங்குத் தோட்டங்களில் மருந்தடிக்கப் போனவர். மழைக்காலத்தில் உருளைக்குக் கருகல் நோய் வரும்; விடாமல் மருந்தடிக்க வேண்டும். முகத்துக்குத் தோளில் கிடந்த துண்டு, கைக்கு ஒன்றும் கிடையாது. நிலக்காரர் தோட்டத்து வரப்பில் காற்று வீசாத பக்கமாகப் பார்த்து நிற்பார். நஞ்சை முதலில் மூச்சில் வாங்குவது அதை வாங்கி வந்தவரும் இல்லை, காய்கறியைச் சாப்பிடுகிறவரும் இல்லை, அடிக்கிற கூலியாள். காசர்கோட்டு மலைகளில் முந்திரித் தோட்டங்களின் மேல் 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். மலைச்சரிவில் ஓடி வந்த தண்ணீரைக் குடித்த ஏழை மக்களின் பிள்ளைகள் அதன் விலையை இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே ரசாயனம் ஒழிவதில் முதல் ஆதாயம் எங்களுக்குத்தான். அதனால்தான் அதன் கணக்கைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

"இது பழைய இயற்கை விவசாயம் இல்லை, தொழுவுரமே தேவையில்லை, ஜீவாமிர்தம் போதும்" என்று ஒரு பதில் வரும். சுபாஷ் பாலேக்கர் பிரபலமாக்கிய முறை. செலவே இல்லாத விவசாயம் என்று அதற்குப் பெயர். சரி, அதையும் கணக்குப் போடுவோம். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண். மாதம் ஒன்றிரண்டு முறை கொடுக்க வேண்டும். இரண்டு முறை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெல்லம் கிலோ 60, மாவு கிலோ 100 என்றால் ஒரு தடவைக்கு 320 ரூபாய், ஆண்டுக்கு 7,680 ரூபாய். இதைத்தான் பூஜ்ஜியம் என்கிறார்கள். பணத்தைக்கூட விடுங்கள். 24 தடவை 200 லிட்டர் என்றால் 4,800 லிட்டர். மலையில் ஓடை பள்ளத்தில் ஓடும், தோட்டம் மேட்டில் இருக்கும். மோட்டாரும் குழாயும் உள்ளவர் சுவிட்சைத் தட்டுவார். இல்லாதவர் வீட்டில் குடம் தூக்குவது யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

நாட்டுப் பசுவின் சாணம்தான் வேண்டும் என்பது பாலேக்கர் முறையின் பிடிவாதம். எருமை ஏன் கூடாது என்று கேட்டால் நுண்ணுயிர்க் கணக்கில் ஆரம்பித்துச் சீக்கிரமே புனிதக் கணக்கில் வந்து நிற்பார்கள். நீலகிரியின் ஆதிக்குடிகளில் ஒருவரான தோடர்களின் வாழ்வே எருமையைச் சுற்றித்தான். இந்த மலையின் மண்ணுக்கு நூற்றாண்டுகளாக உரமானது எருமைச் சாணி. காஞ்சா அய்லய்யா 2004இல் தன் புத்தகத்துக்கு எருமையின் பெயரை ஏன் வைத்தார் என்பது இந்தக் கூட்டங்களில் உட்கார்ந்தால் நன்றாகப் புரியும். பசு புனிதம், கோமியம் அமிர்தம். தொழுவம் கூட்டிச் சாணி அள்ளுகிற கைக்கு மட்டும் தனி டம்ளர்.

"நம் முன்னோர்கள் ரசாயனம் இல்லாமல்தானே விவசாயம் செய்தார்கள்" என்று அடுத்து ஒரு குரல் வரும். உங்கள் முன்னோரா, எங்கள் முன்னோரா? தமிழ்நாட்டில் யூரியா பரவுவதற்கு முன் எல்லா விவசாயமும் இயற்கை விவசாயம்தான். தஞ்சையில் அதைச் செய்தவர்களுக்குப் பண்ணையாள் என்று பெயர். அவர்களை நினைத்த நேரத்தில் நிலத்தை விட்டு விரட்டக் கூடாது என்பதற்கே 1952இல் தனியாகச் சட்டம் போட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் 1968இல் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டதற்கு 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். மலையிலும் இதே கதைதான். தேயிலைக்கும் காப்பிக்கும் ரசாயன உரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே தோட்டங்கள் வந்துவிட்டன, கங்காணிகள் வந்துவிட்டார்கள், சமவெளியில் பஞ்சத்தில் வாடிய ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் கூட்டம் கூட்டமாக மலையேற்றப்பட்டார்கள். மண் சுத்தமாகத்தான் இருந்தது. மலிவான, திருப்பிப் பேச முடியாத உழைப்பு இருந்ததால் கணக்கும் கட்டுப்படியானது. இன்று ரசாயனத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைக்கப் போகிறோம் என்பதுதான் கேள்வி. கூலி கொடுத்த உழைப்பையா, பழைய உழைப்பையா?

களையெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கர் தேயிலைக்குக் களைக்கொல்லி அடிக்க ஓர் ஆள் போதும், ஒரு நாளில் முடித்துவிடுவார். அதே ஏக்கரைக் கையால் களையெடுக்க என் அம்மா போகிற எட்டுப் பேர் கும்பலுக்கு ஒரு நாள் போதாது. அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும். களைக்கொல்லியை நிறுத்தினால் வேலை நாட்கள் கூடும்; அது நல்லதுதானே என்று தோன்றும். கூலி ஒழுங்காக இருந்தால் நல்லதுதான். நடைமுறையில், இயற்கைக்கு மாறிய ஒரு தோட்டத்தில் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நாள் கூலியை நிறுத்திவிட்டு ஏக்கருக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட் பேசினார்கள். முடிக்க முடியாமல் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளையும் சனி ஞாயிறு கூட்டிப் போக வேண்டியதாயிற்று. அந்தத் தோட்டத்துத் தேயிலைப் பெட்டியின் மேல் ஒரு பச்சை இலையும் சிரிக்கிற ஒரு பெண்ணின் படமும் இருக்கும்.

அந்தப் பெட்டியின் விலையைப் பார்த்திருப்பீர்கள். குன்னூர் ஏலத்தில் சாதாரணத் தூள் கிலோ 100 ரூபாயைச் சுற்றிக் கிடக்கும்போது இயற்கைச் சான்று பெற்ற உயர்ரகத் தேயிலை கிலோ ஆயிரக்கணக்கில் விற்கிறது. விற்கட்டும். ஆனால் தோட்டத் தொழிலுக்கு அரசு அறிவிக்கும் குறைந்தபட்சக் கூலியில் இயற்கைத் தேயிலைக்கு ஒரு கூலி, மற்றதற்கு ஒரு கூலி என்று எதுவும் கிடையாது. சான்று கொடுக்கிறவர் மண்ணைச் சோதிக்கிறார், தண்ணீரைச் சோதிக்கிறார், உர ரசீதைச் சோதிக்கிறார். கூலிப் புத்தகத்தைச் சோதிப்பது அவர் வேலையில் இல்லை. 2015இல் மூணாறில் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித்துகள், சங்கத் தலைவர்களையே தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ரோட்டில் உட்கார்ந்தார்களே, பொம்பிளை ஒருமை. அவர்கள் கேட்டது போனஸும் கூலியும். கொழுந்துக்கு என்ன உரம் போடுகிறார்கள் என்பதற்கு முந்தைய கேள்வி அது.

நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கும் இது லேசான காரியம் இல்லை, அதை மறைக்கக் கூடாது. நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகளில் பெரும்பான்மையினர் படுகர்கள். பச்சைத் தேயிலை நாலு கிலோவுக்கு மேல் போட்டால்தான் ஒரு கிலோ தூள். கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு ஆதார விலை கேட்டு 2023இல் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த நிலையில் இருக்கிறவரிடம் போய் உரத்தை நிறுத்து என்றால் எப்படி நிறுத்துவார்? தேயிலை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு இயற்கைச் சான்று வாங்க 36 மாதம் மாற்றுக்காலம். அந்த மூன்று ஆண்டும் விளைச்சல் இறங்கும், விலை பழைய விலைதான். மூன்று ஆண்டு நட்டத்தைத் தாங்குகிற சேமிப்பு யாரிடம் இருக்கிறதோ அவர்தான் மறுகரைக்குப் போய்ச் சேருவார். ஐ.டி. சம்பளத்தில் சேர்த்த பணத்தோடு மலையில் நிலம் வாங்கி வருகிறவரால் முடிகிறது. அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவருடைய ரீல்ஸைப் பார்த்துவிட்டு "இவரால் முடிகிறதே, உங்களால் ஏன் முடியவில்லை" என்று எங்களைக் கேட்காதீர்கள்.

இந்த மூன்று ஆண்டை ஓர் அரசே கணக்கில் எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இலங்கை காட்டிவிட்டது. என் பாட்டி பதுளைப் பக்கத்திலிருந்து வந்தவர். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை அவர்களைக் கேட்காமலே இந்தியாவுக்கு என்று எழுதியது. அதில் எங்கள் குடும்பத்தில் பாதி. மீதிப் பாதி இன்றும் அங்கே தோட்டத்தில்தான். 2021 மே மாதம் கோத்தபய அரசு ரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் ஒரே கெஜட்டில் தடை செய்தது. நாடு முழுக்க இயற்கை விவசாயம் என்று அறிவித்தார்கள். டாலர் தட்டுப்பாட்டில் உரம் வாங்கக் காசில்லை என்பதும் உள்ளே இருந்தது. உலகம் முழுக்க நெல் விவசாயிகளைப் பற்றியும் பொருளாதார வீழ்ச்சியைப் பற்றியும் எழுதினார்கள். மலையகத்தில் நடந்தது செய்திகளில் ஓரமாகத்தான் வந்தது.

அதே ஆண்டு மார்ச்சில்தான், பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்று கெஜட் வந்திருந்தது. அந்த ஆயிரம் கையில் வர வேண்டுமானால் கம்பெனி சொல்லும் கிலோவைப் பறிக்க வேண்டும். பறித்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். உரம் போகாத செடியில் கொழுந்து குறையும். ஆனால் பறிக்க வேண்டிய கிலோ குறையவில்லை. பாட்டியின் தங்கை மகள் போனில் சொன்னது இதுதான்: "உரத்தை நிப்பாட்டினது கவர்மெண்டு, பேரு போனது எனக்கு." நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் உரம் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. 2021இல் சுமார் 29.9 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25.1 கோடி கிலோவாக இறங்கியது. அந்த 4.8 கோடி கிலோ கம்பெனிக் கணக்கில் நட்டம். லயத்தில் அது எத்தனை அரைப் பேர் என்று யாராவது எண்ணினார்களா?

இலங்கையைப் போல் இல்லாமல் படிப்படியாக, மானியம் கொடுத்துச் செய்த மலை மாநிலமும் உண்டு. இமாச்சலப் பிரதேசம் 2018இல் இயற்கை விவசாயத்துக்கென்று தனித் திட்டம் கொண்டுவந்தது. நாட்டுப் பசு வாங்கப் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய். கோமியம் சேரும்படி தொழுவத்துத் தரையைச் சரி செய்ய 8,000 ரூபாய். கலக்கி வைக்கும் டிரம்முக்கு 750 ரூபாய் வரை. பிறகு அரசே கொள்முதலில் இறங்கியது: இயற்கை மக்காச்சோளம் கிலோ 30, கோதுமை 40 என்று 2024இல் தொடங்கி, 2025 பட்ஜெட்டில் 40, 60 என்று உயர்த்தினார்கள். இந்தியாவில் இந்த அளவுக்கு வந்த திட்டம் குறைவு, பாராட்டுகிறேன். ஆனால் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். பசுவுக்கு உண்டு, தொழுவத்துக்கு உண்டு, டிரம்முக்கு உண்டு. டிரம்மைக் கலக்குகிறவளுக்கு இல்லை. பாதி விலைக்குப் பசு வாங்க மீதிப் பாதி கையில் இருக்க வேண்டும். தொழுவம் கட்ட இடம் இருக்க வேண்டும். ஆதார விலைக்கு விற்க வீட்டுத் தேவை போக மிஞ்சும் அளவுக்கு நிலம் இருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி இமாச்சலில் நான்கில் ஒருவர் பட்டியல் சாதி. இந்தத் திட்டத்தின் கதவு நிலத்தின் வழியாகத்தான் திறக்கிறது என்றால் அவர்களில் எத்தனை பேர் உள்ளே போக முடியும்?

நிலம் என்றவுடன் என் சித்தியின் பூண்டுத் தோட்டத்தைச் சொல்ல வேண்டும். சித்தியும் இன்னும் நான்கு பெண்களும் சேர்ந்து ஐந்து ஆண்டுகளுக்கு முன் அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்தார்கள். வாய்வார்த்தைக் குத்தகை, ஓர் ஆண்டுக்கு. பல ஆண்டு உருளை போட்டுப் போட்டு இறுகிப்போன மண்; நிலக்காரருக்கே அதில் ஆர்வம் இல்லை. இவர்கள் ஒரு தொண்டு நிறுவனப் பயிற்சிக்குப் போய்வந்து, ரசாயனம் இல்லாமல் பூண்டும் பீன்ஸும் போட்டார்கள். காலையில் கூலி வேலை, சாயங்காலம் இருட்டும்வரை தங்கள் தோட்டம். மாட்டுக்காரர்களிடம் சாணி கேட்டு வாங்கி, தலையில் சுமந்து, களையைப் பிடுங்கி அங்கேயே மூடாக்குப் போட்டு, சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கி மண்ணை நிறுத்தினார்கள். முதல் ஆண்டு கையைக் கடித்தது. இரண்டாம் ஆண்டு முதலுக்கு மோசமில்லை. மூன்றாம் ஆண்டு மண்ணைக் கையில் எடுத்தால் உதிர்ந்தது, மண்புழு வந்தது, பூண்டு நன்றாக இறங்கியது. கோயம்புத்தூர் ஆர்கானிக் கடை ஒன்று நேரடியாக வாங்க ஒப்புக்கொண்டது.

நான்காம் ஆண்டு நிலக்காரர் குத்தகையை இரட்டிப்பாக்கினார். முடியாது என்றதும் நிலத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார். சட்டப்படி அவர் தோட்டம், அவர் இஷ்டம். குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955இலிருந்து இருக்கிறது, குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் 1969இலிருந்து இருக்கிறது. வாய்வார்த்தைக் குத்தகைக்கு எந்தத் தாசில்தார் பதிவு போடுவார்? பதிவு கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலமே கிடைக்காது.

இதில் நிலக்காரரின் குணத்தைப் பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை. கணக்கைப் பாருங்கள். யூரியா அந்தந்தப் போகத்துக்கான செலவு. போட்டவரே அறுத்துக்கொண்டு போய்விடலாம். இயற்கை விவசாயத்தில் செலவு மண்ணுக்குள் போய் மூலதனமாகத் தங்குகிறது, அதன் பலன் மூன்றாம் நான்காம் ஆண்டில்தான் வரும். மண்ணுக்குச் சொந்தக்காரர் ஒருவர், மண்ணை வளர்த்தவர் இன்னொருவர் என்றால் அந்த மூலதனம் யாருக்குச் சேரும்? ஐந்து பெண்கள் மூன்று ஆண்டு சாயங்காலங்களில் போட்ட உழைப்பு ஒரே பேச்சில் நிலக்காரரின் சொத்து மதிப்பாகிவிட்டது. ஓராண்டுக் குத்தகைக்காரர் ரசாயனம் போடுவது அறியாமையால் அல்ல, அவருக்கு அதுதான் கட்டுப்படியாகும். அம்பேத்கர் 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில் விவசாய நிலம் அரசுடைமையாக வேண்டும், சாதி பார்க்காமல் ஊராருக்குக் கொடுத்துக் கூட்டுப்பண்ணையாக நடத்த வேண்டும், நிலக்கிழார், குத்தகையாள், நிலமற்ற கூலி என்று யாரும் இருக்கக் கூடாது என்று எழுதினார். இயற்கை விவசாயிகள் படிக்க வேண்டிய அறிக்கை அது. அவர்களுடைய புத்தகக் கடைகளில் நான் பார்த்ததில்லை.

சான்றிதழும் இதே சுவரில்தான் முட்டுகிறது. மாநில அரசின் சான்றளிப்புத் துறைக்கு விண்ணப்பிக்கும்போது நில ஆவணம் கேட்பார்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் போய்ப் பாருங்கள். 1969 ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் மாட்டிக்கொண்ட நிலங்களில் இரண்டு மூன்று தலைமுறையாக மக்கள் குடியிருக்கிறார்கள், பட்டா கிடையாது. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், தாயகம் திரும்பிய தமிழர், கேரளத்திலிருந்து வந்த ஏழைகள் எல்லோரும் அதில் அடக்கம். மிளகும் இஞ்சியும் காப்பியும் போடுகிறார்கள். உரம் வாங்கக் காசில்லாததால் அதில் பாதி தானாகவே இயற்கை விவசாயம்! ஆனால் சான்று இல்லை, பயிர்க்கடன் இல்லை, மானியம் இல்லை. அதே மிளகை வியாபாரி சாதாரண விலைக்கு வாங்கிப் போகிறார்.

இதே மலையில் வேறு மாதிரியும் நடக்கிறது. ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. இருளர், குறும்பர் உள்ளிட்ட ஆதிவாசிகளே பங்குதாரர்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். தேன், மிளகு, காப்பி, சிறுதானியம் ஆகியவற்றைத் தாங்களே சேகரித்து, பக்குவப்படுத்தி, விற்கிறார்கள். 2021இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. அங்கே விலையும் லாபமும் யாருக்குப் போகின்றன என்று கேட்டால் பதில் இருக்கிறது. காட்டின் மேல் உரிமையும் விற்பனையின் மேல் பிடியும் இருந்தால் இயற்கை விவசாயம் ஏழைக்கும் கட்டுப்படியாகும் என்பதற்கு வேறு சாட்சி தேடிப் போக வேண்டாம்.

நிலமற்ற எங்களுக்கு என்ன வழி? தமிழ்நாடு அரசு 2023 மார்ச்சில் இயற்கை வேளாண்மைக் கொள்கை வெளியிட்டது. தாட்கோ மூலம் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்கள் நிலம் வாங்க 'நன்னிலம்' திட்டம் வந்தது. பாதி விலை மானியம், அதிகபட்சம் 5 லட்சம். நல்ல திட்டம். தருமபுரியில் உதவலாம், சிவகங்கையில் உதவலாம். கோத்தகிரியில் நிலத்தை ஏக்கரில் பேசுவதே நின்றுபோய்ச் சென்ட்டுக்கு லட்சங்கள் என்று பேசுகிறார்கள். ரிசார்ட்காரரோடு போட்டி போட்டுச் சித்தி எங்கே நிலம் வாங்குவார்?

நிலம் இல்லாமலும் இல்லை. எங்களைக் குடியமர்த்துவதற்கென்றே 1968இல் அரசு தொடங்கியதுதான் டேன்டீ. நட்டம் என்று சொல்லி 2022இல் அதன் நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கும் மேல் வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. அந்தத் தேயிலையை நட்டு, கவாத்து செய்து, அதிலேயே ஓய்வு பெற்றவர்களுக்கு அந்த நிலத்தில் ஒரு சென்ட் கிடையாது. வனநிலம், 1980 வனப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது என்பார்கள். காட்டை அழித்துத் தேயிலை நடுவதற்குத் தடையாக இல்லாதது, நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே மிளகும் மரப்பயிரும் கலந்து ரசாயனம் இல்லாமல் கூட்டாகப் பயிர் செய்வதற்கு மட்டும் தடையாகிறது. காடும் வேண்டும், மண்ணும் பிழைக்க வேண்டும் என்றால் அதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் நீலகிரியில் எது? பெண்கள் கூட்டுறவுகளின் பெயரில், விற்க முடியாத, முப்பது ஆண்டு எழுத்துக் குத்தகை. மாற்றுக்காலம் மூன்று ஆண்டுக்கும், யூரியாவுக்குக் கொடுக்கிற மானியத்தை உரம் சுமக்கிற நாட்களுக்குக் கூலியாகக் கொடுக்கட்டும்.

இயற்கை விவசாயத் தோழர்கள் ஆண்டுதோறும் அரசிடம் கோரிக்கை மனு கொடுக்கிறார்கள். மரபு விதைக்கு விலை, சிறுதானியத்துக்குக் கொள்முதல், நாட்டு மாட்டுக்கு மானியம் என்று பத்துப் பன்னிரண்டு அம்சம் இருக்கும். இந்த ஆண்டு மனுவில் இந்த இரண்டையும் சேர்ப்பார்களா என்று கேட்டு எங்கள் பெண்கள் குழு கடிதம் எழுதியிருக்கிறது. பதிலுக்குக் காத்திருக்கிறோம். சித்தி போன வாரம் களையெடுக்கப் போனார், அதே அரை ஏக்கருக்கு. இப்போது அங்கே ஒரு போர்டு இருக்கிறதாம்: 'இங்கு ரசாயனம் பயன்படுத்தப்படுவதில்லை.'